மந்திரமூர்த்தி வக்கீல் வாபஸ் வாங்கிய வழக்கு

தூத்துக்குடி,
29.9.2025, திங்கள்.

அன்பு மகள் விஜிலாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் எங்கள் கால்களில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜாய்சனும் பேத்தி அனிஷாவும் ஆக்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வக்கீலின் படத்திறப்புக்கு இரண்டு நிமிட வீடியோ பேசி அனுப்பச் சொல்கிறார்களே, அனுப்பலாமா அப்பா என்று கேட்டாய், நான் பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்லி வைத்துவிட்டேன். பால்காரர் வரவில்லை. எனக்கு வாயால் விளக்கம் சொல்ல வராது, நாற்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக மனு எழுதியே பழகியவன், எண் போட்டால்தான் யோசனையே ஓடும். ஆகவே இந்தக் கடிதத்தில் அடங்கிய விவரங்கள்:

1. வீட்டு நலம்.
2. வக்கீல் மந்திரமூர்த்தி இறந்த பிறகு இந்த ஊர் அவரை வைத்து நடத்தும் அசிங்கம்.
3. அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. நான் எழுதியதும் அவர்கள் அச்சடித்ததும்.
4. 2001-இல் உப்பளப் பெண்களின் வழக்கை அவர் தேர்தல் சீட்டுக்காக விற்றது.
5. ஆகவே நீ வீடியோ அனுப்ப வேண்டாம் என்பது.

முதல் விவரம் சுருக்கமானது. அம்மாவின் இடது முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் மொட்டைமாடியில்தான் கருவாடு காயவைப்பேன் என்கிறாள். கரித்தூசி விழுகிற இடத்தில் எதற்கு என்று கேட்டால், ஒங்க வேட்டியும் அங்கனதான காயுது, அத மட்டும் உடுத்துதியளே என்கிறாள். குசினிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நீ அனுப்பிய, கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி மிகவும் உபயோகமாக இருக்கிறது, இரண்டு நாள் மாத்திரையை ஒரே நாளில் விழுங்கும் வழக்கம் ஒழிந்தது. உன் பேச்சில் மூச்சிரைப்பு தெரிந்தது, வேலைக்குப் பஸ் பிடிக்க ஓடாதே, அடுத்த பஸ்ஸில் போ. இவ்வளவுதான் நல்ல சேதி.

இரண்டாவது விவரத்தை எழுதவே கை கூசுகிறது. செப்டம்பர் இரண்டாம் தேதி வக்கீலின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறை பெஞ்சில் கிடத்தினோம். கட்சியில் இப்போது இரண்டு கோஷ்டி, இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு கொடி கொண்டுவந்தார்கள். கொடி ஒன்றுதான், சிவப்பும் ஒன்றுதான், யார் போர்த்துவது என்பதுதான் தகராறு. ஒருத்தர் போர்த்தியதை மற்றவர் உருவினார், உருவிய வேகத்தில் அவருடைய வலது கை பெஞ்சுக்கு வெளியே விழுந்து தொங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் டிவிக்காரனின் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் எடுத்து மார்மேல் வைத்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டு முழுக்க அவருடைய சாதிச் சங்கத்தின் போஸ்டர், எங்கள் குலவிளக்கு அணைந்தது என்று. அந்தச் சங்கத்துக் கல்யாணத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் அவர். உயிரோடு இருந்தபோது அவரைச் சாதிக்கு ஆகாதவர் என்று சொன்ன அதே ஆட்கள்தான் போஸ்டரின் கீழே வரிசையாகச் சிரிக்கிறார்கள், துக்கப் போஸ்டரில் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள் விஜிலா. அடக்கம் முடிந்த நாலாம் நாள் அவருடைய அண்ணன் மகன் சிவபாலன் ஒரு டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்தி, சட்டப் புத்தகங்களையும் நான் என் கையால் கயிறு போட்டுக் கட்டி வருடவாரியாக அடுக்கியிருந்த கேஸ் கட்டுகளையும் பழைய பேப்பர்காரனுக்கு ஏற்றிவிட்டான். தம்பி, இதிலே நடப்பு வழக்குகூட இருக்கும் என்றேன். அண்ணாச்சி, செத்தவரு எந்தக் கோர்ட்ல நடக்கப் போறாரு என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். நான் அவனைத் தடுக்கவில்லை, தடுக்கும் தைரியம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை, டெம்போவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

இதையெல்லாம் விட மோசமானது படத்திறப்பு. அக்டோபர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் யாருடையது தெரியுமா, லிங்கராஜுடையது. வேம்பார் பாதையில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம் வைத்திருக்கும் அதே லிங்கராஜ், எவனை எதிர்த்து வக்கீல் முப்பது வருடம் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினாரோ அதே ஆள். மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள், அதில் வக்கீலின் தலை ஒரு தேங்காய் அளவு, லிங்கராஜின் தலை ஒரு பூசணிக்காய் அளவு. விழாக்குழுச் செயலாளர் ஃபிராங்க்ளினை உனக்குத் தெரியாது, கட்சியில் புதிதாக வந்தவன், மனை விற்கும் தொழிலும் உண்டு. இது முறையா தம்பி என்று என்னால் முடிந்த அளவுக்குச் சத்தமாகக் கேட்டேன். லிங்கராஜ் அண்ணாச்சி மண்டபத்தச் சும்மாவே குடுக்காவ, வேண்டாம்னு சொல்லிட்டு நடுரோட்டுல வெச்சா படத்தத் தொறக்கச் சொல்லுதிய என்றான். நடுரோட்டில்தான் அவர் பாதி வாழ்க்கையை நடத்தினார் என்று சொல்ல நினைத்தேன், அதை நான் நினைத்து முடிப்பதற்குள் அவன் போனில் பேச ஆரம்பித்துவிட்டான்.

மூன்றாவது. நினைவு மலர் போடுகிறோம், வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தாருங்கள் என்று என்னிடம்தான் கேட்டார்கள். பத்து நாள் உட்கார்ந்து, தெரிந்ததை மட்டும், தேதியோடு எழுதிக் கொடுத்தேன். 1944-இல் உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரில் கருப்பட்டிக் கடைக்காரர் மகனாகப் பிறந்தது, சென்னையில் சட்டம் படித்தது, 1970-இல் திரும்பிவந்து துறைமுகத்துச் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தது, நெருக்கடி நிலையில் பதினோரு மாதம் ஜெயிலில் இருந்தது, அங்கே காதில் அடி வாங்கி இடது காது கேட்காமல் போனது, அதனால் கோர்ட்டில் எப்போதும் நீதிபதிக்கு வலது காதைக் காட்டிச் சாய்ந்து நிற்பது, எதிர்த்தரப்பு வக்கீல்கள் அதைத் திமிர் என்று சொன்னது, சங்கு குளிக்கப் போய் மூச்சுக் குழாய் அறுந்து செத்தவரின் மனைவிக்காக ஒன்பது வருடம் வழக்காடி ஜெயித்தது, நாலு தேர்தலில் நின்று ஒன்றில் மட்டும் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனது, கல்யாணம் செய்துகொள்ளாதது, கோபம் வந்தால் கேஸ் கட்டைத் தூக்கி எறிவது, எறிந்ததைத் தானே பொறுக்கி அடுக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடுவது. குறையையும் எழுதினேன், வயதான காலத்தில் முகஸ்துதிக்கு மயங்கினார் என்றும் எழுதினேன். உப்பள வழக்கைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்துவிட்டேன்.

அச்சாகி வந்ததைப் பார்த்தேன். பதினோரு மாத ஜெயில் இல்லை. காது இல்லை. சங்கு குளித்தவர் இல்லை. அதற்குப் பதிலாக, இளம்வயதில் முத்துக்குளித்து வீரம் வளர்த்தவர் என்று இருக்கிறது. அவருக்கு நீச்சலே தெரியாது. அந்தச் சங்கு வழக்குக்காக இடத்தைப் பார்க்க ஒருமுறை வள்ளத்தில் போனோம், கரை மறையும் முன்பே வாந்தி எடுக்க ஆரம்பித்தவர் திரும்பி வரும்வரை நிறுத்தவில்லை. வள்ளக்காரர், வக்கீலய்யா, மீனுக்குச் சோறு போட்டது போதும், கொஞ்சம் ஒங்களுக்கும் வெச்சுக்கிடுங்க என்றார். அந்த நிலையிலும் வக்கீல் சிரித்தார். அப்படிப்பட்ட மனிதரைக் கடலுக்குள் இறக்கி முத்தெடுக்க வைத்துவிட்டார்கள். முதலாளிகளும் தொழிலாளிகளும் ஒருங்கே போற்றிய உத்தமர் என்று முடித்திருக்கிறார்கள், எதிர்ப்பக்கத்தில் முழுப் பக்கமும் லிங்கராஜ் கைகூப்பி நிற்கிறான். கடைசியில் தொகுப்பு என்று என் பெயர். ஃபிராங்க்ளினிடம் என் பெயரையாவது எடுத்துவிடு தம்பி என்று கேட்டேன். ஆயிரம் காப்பி அடிச்சாச்சு அண்ணாச்சி, பெருமையா வெச்சுக்கிடும் என்றான்.

ஆனால் விஜிலா, இவர்கள் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பு பாதிதான். மற்ற பாதி அவர் மேல். அதுதான் நான்காவது விவரம், உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் ஐந்தாவது விளங்கும். லிங்கராஜின் உப்பளத்தில் முப்பத்தொரு பெண்கள் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் பத்து, பன்னிரண்டு வருடமாக. ஆனால் மஸ்டர் ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் ஒருத்தி பெயரும் கிடையாது, ஒவ்வொரு பருவமும் நேற்று வந்தவர்கள் போலத்தான் அவர்களை வைத்திருந்தான். எங்கள் பெயரை எழுது, வேலையை நிரந்தரமாக்கு என்பதுதான் கோரிக்கை. 2000 ஆகஸ்டில் லேபர் கோர்ட்டில் போட்டோம். சீனித்தாய் என்பவள் அவர்களுக்குத் தலைவி, ஐம்பது வயது, குரல் எழுப்பினால் உப்பளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கும். வழக்கு எங்கள் பக்கம் நன்றாகவே போனது, குறுக்கு விசாரணையில் லிங்கராஜின் மேனேஜர் வியர்த்துப்போய் இரண்டு முறை தண்ணீர் கேட்டான். 2001 மார்ச்சில் ஒரு நாள் காலை நான் கட்டோடு கோர்ட்டுக்குப் போகிறேன், வக்கீல் எனக்கு முன்பே வந்து வாபஸ் மனு கொடுத்துவிட்டு வெளியே நிற்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏன் சார் என்று கேட்டேன். வே சிலுவை, கட்டக் கட்டிட்டு வாரும் என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து பதினேழாம் நாள் கட்சி அவரை வேட்பாளராக அறிவித்தது. வேட்புமனு ஊர்வலத்தில் லிங்கராஜின் மைத்துனருடைய ஜீப் வந்தது, நான் நம்பரைக்கூடக் குறித்து வைத்திருந்தேன். ஜெயித்தார். சட்டசபையில் உப்பளப் பெண்களைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் பேப்பரில் படித்துவிட்டு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கும். வேலையை விட எனக்குத் துணிச்சல் இல்லை. அன்றிலிருந்து அவரோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்தினேன். இருபத்து நாலு வருடம் அந்த ஆபீசில் எனக்குத் தனி டீ. அவர் ஏன் என்று கேட்டதே இல்லை.

நீ அப்போது லா காலேஜில் இரண்டாம் வருடம். நீ படித்து முடித்து அவரோடு வேலை செய்வாய் என்று அவர் உனக்காக ஒரு நாற்காலி வாங்கி ஜன்னலோரம் போட்டிருந்தார். நான்தான் உன்னிடம் சொன்னேன். நீ நேராகப் போய் மேஜைக்கு எதிரே நின்று, பெரியப்பா, சீட்டுக்காக வித்துட்டியளா என்று கேட்டாய். நான் அடுத்த அறையில் தட்டச்சு மெஷின் முன் விரலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒங்கப்பன் சொன்னா சரியாத்தாம்ளா இருக்கும் என்றார். இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் எதற்கு? மறுவாரம் நீ காலேஜை விட்டாய், இந்தத் தொழிலே நாறுகிறது என்றாய், நானும் ஆமாம் என்றேன். ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்து, விஜிலாட்ட ஒரு நிமிஷம் பேசணும் வே, அந்த வீடியோவுல என்று கேட்டார். உன்னிடம் சொன்னேன். எனக்கு அவரிடம் பேச ஒன்றுமில்லை அப்பா என்றாய். நீ தூங்கிவிட்டாய் என்று அவரிடம் சொன்னேன், அவர் இறக்கும்வரை ஒன்பது நாளும் அதையே சொன்னேன். அப்போது உன் பதிலில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை. இப்போது அதே மனிதரைப் புகழ்ந்து லிங்கராஜின் மண்டபத்துத் திரையில் நீ பேச வேண்டுமாம்.

ஐந்தாவதை எழுதும் முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. வாபஸ் ஆன தேதி மார்ச் பன்னிரண்டா பதினான்கா என்று எனக்கு உறுதியாக இல்லை. செத்தவர் மேல் ஒரு குற்றச்சாட்டை எழுதும்போது தேதி தப்பாக இருக்கக் கூடாது. கட்டு சிவபாலன் புண்ணியத்தால் எடைக்குப் போய்விட்டது. அந்தப் பெண்களில் செல்வராணி என்பவள் இப்போதும் வேம்பாரில் இருக்கிறாள். புதன்கிழமை போய்க் கேட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

2.10.2025, வியாழன்.

நேற்று வேம்பாருக்குப் போய்விட்டு வந்தேன். ராத்திரி சாப்பிடவில்லை, அம்மா வயிற்றுக்கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். மேலே எழுதிய தாள்களைக் கிழித்துவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். கிழிக்கவில்லை. நான் இருபத்து நாலு வருடம் எதை நம்பினேன் என்பது என் கையெழுத்திலேயே உன்னிடம் இருக்கட்டும்.

கடற்கரைப் பாதை பஸ்ஸில் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு. செல்வராணி உப்பளத்திலிருந்து வந்து வாசலில் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது நாற்பத்து நாலு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், ஏ, குமாஸ்தா அண்ணாச்சி, என்ன வழி தப்பி வந்துட்டியளா, இல்ல இன்னும் எவ பேராவது விட்டுப் போச்சா என்று சிரித்தாள். வக்கீல் இறந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா, நாங்க ஏழு பேரு வந்தோமே, அங்கன கொடியப் புடிச்சுக் கயிறிழுக்கிற போட்டி நடத்திக்கிட்டுக் கெடந்தானுவ, நாங்க தெருமுக்குலயே நின்னு அழுதுட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துட்டோம் என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. இவர்கள் எதற்கு அழ வேண்டும்? தேதியைக் கேட்டேன். மார்ச்சு பதினாலு, புதங்கெழமை என்று யோசிக்காமல் சொன்னாள், அதுக்கு முந்தின திங்கக்கெழமதான வக்கீலு அளத்துக்கே வந்து எங்க எல்லாத்தையும் பாத்திக் கரையில ஒக்கார வெச்சுப் பேசுனாரு என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பேசித்தான் உங்களை விற்றாராக்கும் என்று சொல்லிவிட்டேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள். யாரு, யார வித்தா? நெசமாவே ஒமக்குத் தெரியாதா அண்ணாச்சி என்றாள்.

விஜிலா, இந்த இடத்தில் நான் உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வழக்குப் போடுவதற்கு முப்பத்தொரு பேருடைய பெருவிரல் ரேகையும் வக்காலத்தில் வேண்டும். முதல் தடவை வாங்கிக் கொடுத்ததை ரேகை தெளிவில்லை என்று ஆபீசில் திருப்பிவிட்டார்கள். வருடக்கணக்காக உப்பு வாரியவர்களுக்கு விரலில் ரேகை இருக்காது, தோல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும், மை வைத்து ஒற்றினால் ஒரு கறுப்புத் திட்டுதான் விழும். மறுநாள் கடைசித் தேதி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மைப்பெட்டியோடு போய் உட்கார்ந்தேன். இருபது பேருக்கு எப்படியோ விழுந்தது, பதினோரு பேருக்கு எத்தனை முறை ஒற்றினாலும் திட்டுதான். மறுபடி திருப்பிவிடுவார்கள், தவணை தப்பிவிடும் என்று பயந்தேன். செல்வராணி அப்போது பத்தொன்பது வயதுப் பெண், உப்பளத்துக்கு வந்து ஒரு பருவம்தான் ஆகியிருந்தது, அவள் விரலில் ரேகை அச்சடித்தது போல் இருந்தது. அந்தப் பதினோரு பேரும் சம்மதித்துத்தான், அவர்கள் பெயருக்கு நேரே அவள் விரலை வைத்து ஒற்றினேன். கீழே, மேற்படி ரேகைகள் இன்னின்னாருடையவை என அடையாளம் காட்டியவர், சிலுவை, குமாஸ்தா என்று கையெழுத்தும் போட்டேன். வக்கீலிடம் சொல்லவில்லை. தெளிவாக இருக்கிறதே வே என்று அவர் பாராட்டினார், நான் பல்லைக் காட்டினேன். வழக்கு ஏற்கப்பட்டதும் நான் அதை மறந்தேபோனேன், அல்லது மறந்ததாக நடித்து நடித்து அது மறதியாகவே ஆகிவிட்டது.

லிங்கராஜ் அதைக் கண்டுபிடித்துவிட்டான், செல்வராணி சொல்லித்தான் நேற்று எனக்குத் தெரிந்தது. எந்த நீதிபதிக்கும் தோன்றாதது உப்பளக்காரனுக்கு ஒரே பார்வையில் தோன்றும் என்பது எனக்கு உறைக்கவில்லை. நகலைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம், ஏலே, பத்து வருசம் உப்பு வாருனவளுக்கு ரேகை எங்கேருந்துலே வந்துச்சு என்று கேட்டிருக்கிறான். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் பதினொன்றும் ஒரே விரல். கைரேகை நிபுணருக்கு அனுப்ப வேண்டும், போலி ஆவணம் தயாரித்த குமாஸ்தா மேலும் அந்தப் பெண் மேலும் கிரிமினல் வழக்கு எடுக்க வேண்டும் என்று மனு தயாரித்து, கோர்ட்டில் கொடுக்காமல் முதலில் வக்கீலிடம் காட்டியிருக்கிறார்கள். வழக்கை வாபஸ் வாங்கினால் இதைக் கிழித்துவிடுகிறோம் என்பது பேரம்.

செல்வராணி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். வக்கீலு மறைக்கல அண்ணாச்சி. வழக்கு ஒங்களுது, எனக்கு முடிவு பண்ண உரிம இல்ல, நடத்துனா ஜெயிக்கக்கூடச் செய்யலாம், ஆனா இந்த ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போறது நிச்சயம், நிறுத்துனா ஒங்க முப்பத்தொரு பேருக்கும் ஒண்ணும் கெடையாது, யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு அங்குட்டுப் போயி வெயில்ல நின்னுக்கிட்டாரு. சீனித்தாயக்காதான் சொல்லிச்சு, அந்தக் குமாஸ்தா எலி மாதிரி மனுசன், ஜெயில்ல ஒரு ராத்திரி தாங்க மாட்டான், எங்களுக்காகத்தான செஞ்சான், இந்தப் புள்ளைக்கும் இன்னும் கல்யாணம் ஆகல, வழக்கு போனாப் போவுது போங்கடீன்னு. ரெண்டு மூணு பேரு அழுதாளுவ, ஒருத்தி என்னைய ஏசுனா, பொறவு எல்லாரும் கையத் தூக்கிட்டோம். வக்கீலு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, சிலுவைக்குச் சொல்லிராதிய, தெரிஞ்சா வேலைய விட்டுருவான், வேற வேல செய்யத் தெரியாது அவனுக்குன்னாரு. ஊருல ஒங்களத்தான தப்பாப் பேசுவானுவன்னு அக்கா கேட்டதுக்கு, எனக்கு ஓட்டுப் போடாதவன் ஏற்கெனவே பாதிப் பேரு, இன்னும் பத்துப் பேரு கூடுனா என்ன கொறஞ்சா போச்சுன்னாரு.

செல்வராணி என்னைத் திண்ணையில் உட்கார வைத்தாள். ஒமக்காக மட்டும்னு நெனச்சு ரொம்பத் தூக்கிச் செமக்காதியும், எனக்காகவுந்தான் என்று சொல்லி மோர் கொடுத்தாள். பிறகு தன் வலது பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பாரும், பதினோரு பேருக்குப் போட்ட வெரலு, இப்ப ரேஷன் கடை மிஷினுல எனக்கே எடுக்க மாட்டேங்கு என்று சிரித்தாள். விரல் கண்ணாடி மாதிரி இருந்தது. சீனித்தாய் ஏழு வருடத்துக்கு முன் இறந்துபோனாள், கடைசி வரை அவள் பெயர் எந்த ரோலிலும் ஏறவில்லை. முப்பத்தொன்றில் பதினான்கு பேர் இப்போது இல்லை. அவர்களில் யாரைச் சந்தையில் பார்த்தாலும் என்னை நலம் விசாரிப்பார்கள், பாவம், ஏமாற்றப்பட்டது தெரியாத ஜனங்கள் என்று நான் இரக்கப்பட்டுக்கொண்டு நடப்பேன். அதை நினைத்தால் எனக்கு என் உடம்பைத் தொடவே பிடிக்கவில்லை. கொடியை உருவியவனையும் டெம்போ கொண்டுவந்தவனையும் பக்கம் பக்கமாக ஏசி எழுதினேனே, அவர்கள் ஒரு மாதம் அவரை அசிங்கப்படுத்தினார்கள், நான் இருபத்து நாலு வருடம், தனி டீ வாங்கிக் குடித்து.

வரும் வழியில் மண்டபத்துக்குப் போய் ஃபிராங்க்ளினிடம் நான் ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும் என்றேன். அவன் ஆச்சரியப்பட்டு, லிங்கராஜ் அண்ணாச்சி பேசி முடிச்ச பொறவு அஞ்சு நிமிஷம் தாரேன், பழைய ஞாபகமா நாலு வார்த்த நல்லதாச் சொல்லும் என்றான். வக்காலத்தில் ரேகை வைத்தது நான்தான் என்று லிங்கராஜை வைத்துக்கொண்டே சொல்லப் போகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு யாரும் என்னை ஜெயிலில் போட மாட்டார்கள், அது தெரிந்துதான் சொல்கிறேன், ஆகவே இதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொள்ளாதே. மைக்கைப் பிடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டு வணக்கம் சொல்லி இறங்கிவிடவும் கூடும், என்னை எனக்குத் தெரியும். செல்வராணியிடம் போனில் இதையும் சொன்னேன். நாங்க ஏழு பேரும் மொத பஸ்ஸுல வந்து முன்வரிசையில ஒக்காருதோம், நீரு முழுங்குனா நான் மேல ஏறி மைக்கப் புடுங்கிருவேன் என்றாள். அந்த ஜீப் ஏன் ஊர்வலத்தில் வந்தது என்று மட்டும் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை.

ஐந்தாவது விவரத்தை நான் எழுதவில்லை. உனக்கு ஆலோசனை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. லிங்கராஜின் திரையில் உன் முகம் வர வேண்டாம் என்று நீ நினைத்தால் அது நியாயம், பேச வேண்டும் என்று நினைத்தால் அதுவும் நியாயம், சனிக்கிழமைக்குள் நீயே முடிவு செய். இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்யாதே, ஒரு நாள் கழித்துச் செய், என்மேல் கோபம் இருந்தால் அம்மாவிடம் பேசு, அவளிடம் இன்றைக்குத்தான் எல்லாம் சொன்னேன், இன்னும் என்னோடு பேசவில்லை. அனிஷாவின் தடுப்பூசித் தேதி இந்த மாதம் என்று சொன்னாய், மறந்துவிடாதே. தாள்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்புகிறேன், ஓரத்தில் எண் போட்டிருக்கிறேன், முன்பின்னாக வந்தால் எண்ணைப் பார்த்துப் படி. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் மாதா கூடவே இருக்கட்டும்.

நீ காலேஜை விட்டதற்கும், ஆஸ்பத்திரியில் ஒரு மனிதர் ஒரு நிமிடத்துக்காக ஒன்பது நாள் காத்திருந்ததற்கும் நீ காரணம் இல்லை விஜிலா. என் நான்காவது விவரம் காரணம். அது தவறு. அவர் விற்கவில்லை.

உன் அப்பா,
அ. சிலுவை.